விளக்குக்குப் போட்ட தொப்பி

"அம்மா, லைட் என்ன நிறம்?"

நகரத்தில் ஒரு கந்தோர், அரசாங்க அலுவலகம். தலைக்கு மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. அதில் ஒரு இலை வளைந்திருந்ததால் ஒவ்வொரு சுற்றுக்கும் "டக்" என்று சத்தம் போட்டது. மேசையில் கடதாசிகள் பறக்காமல் இருக்க ஒரு பெரிய சங்கைத் தூக்கி வைத்திருந்தார்கள். நான் அந்தச் சங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேட்டவர் விசாரிக்க வந்த ஐயா. பக்கத்துக் கதிரையில் என் மகன் குகன் இருந்தான். எதிர்ச் சுவரோடு இலங்கைத்துறைத் தவராசா கைகட்டி நின்றார். அவர் ஓட்டிவந்த பெரிய மீன்பிடிப் படகு மோதித்தான் என் புருசன் கடலில் போனார். அவருக்கு எட்டாம் நாள் செய்கிற எட்டுச் செலவு அப்போதுதான் முடிந்திருந்தது.

"வெள்ளை," என்றேன்.

ஐயா எழுதிக்கொண்டார். குகன் என் கையைப் பிடித்து அமத்தினான். நான் நிமிரவேயில்லை.

நான் சொன்னது பொய். விளக்கு வெள்ளை இல்லை.

இத்தனை கிழமையாக இந்தப் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் என்னென்னவோ எழுதிவிட்டேன். பள்ளிக்கூடத்துக்கு மழையில் போனது, குகன் பிறந்தது, இடம்பெயர்ந்து போய்க் காட்டில் சமைத்தது. எல்லாவற்றையும் எழுதும்போது இதைத் தாண்டித் தாண்டித்தான் எழுதினேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு எழுத்து வராமல் இல்லை. இந்தக் கதைக்குத்தான் கை வரவில்லை.

இடது கையில் சிவப்பு

கலியாணம் முடித்த புதிதில் அவர் துறைமுகத்தில் லாஞ்சி என்கிற ஒரு விசைப்படகில் வேலை பார்த்தார். கப்பல்களுக்குக் கயிறு எடுத்துக் கொடுக்கிற வேலை. பொழுதுபட வீட்டுக்கு வந்தால் என்னைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போவார். மைம்மல் நேரத்தில் குடாவுக்குள் ஒவ்வொரு விளக்காகப் பத்தும். எனக்கு அது தீபாவளி மாதிரி. அவருக்கு அது வாசிக்கிற புத்தகம்.

"அந்தா, அது வெளிய போகுது. இது உள்ள வருகுது. அங்க கிடக்கிறது நங்கூரம் போட்டது," என்பார்.

"எப்பிடித் தெரியும்?"

"நிறத்தைப் பாரும்."

எனக்கு விளங்கவில்லை. அடுத்த நாள் கண்ணாடிக் காப்பு வாங்கி வந்தார். இடது கைக்குச் சிவப்பு, வலது கைக்குப் பச்சை. இரண்டு கைக்கும் இரண்டு நிறம் போட எனக்கு வெட்கமாக இருந்தது.

"போட்டுக்கொண்டு கரையால நடவும். நீர்தான் கப்பல்," என்றார். தான் வள்ளத்தின் விளிம்பில் குந்திக்கொண்டார்.

நான் நடந்தேன். என் வலப்பக்கம் அவரைப் பார்த்திருந்தபோது, "பச்சை மட்டும் தெரியுது. வலப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு போறீர்," என்றார். திரும்பி நடந்தபோது, "இப்ப சிவப்பு," என்றார். நேரே அவரிடம் வந்தேன். "ரெண்டும் தெரியுது. ஐயோ, என்னோட மோத வாறீர்!" என்று கத்திக்கொண்டு எழும்பி ஓடினார்.

பக்கத்து வீட்டு ராணியக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தவ. வாயை மூடவேயில்லை.

"என்ன அண்ணை, கலியாணம் முடிஞ்ச பிறகே நடத்திப் பாக்கிறீங்கள்? மாட்டை எண்டாலும் வாங்க முதல்தானே நடத்திப் பாக்கிறது!"

கரை முழுக்கச் சிரித்தது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

ஆனால் அன்று படித்தது மறக்கவில்லை. ஓடுகிற எந்தக் கப்பலுக்கும் வள்ளத்துக்கும் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னுக்கு வெள்ளை. நீ போகும்போது உன் இடப்பக்கத்தில் ஒரு பச்சையைக் கண்டால் விலத்தவேண்டியது அவன். நீ உன் பாட்டில் போகலாம். உன் வலப்பக்கத்தில் சிவப்பைக் கண்டால் நீதான் விலத்தவேண்டும். தனி வெள்ளை கண்டால் கவனம். அது உனக்கு முன்னால் போகிறவனின் முதுகாக இருக்கும், இல்லாவிட்டால் அசையாமல் கிடக்கிற சின்ன வள்ளமாக இருக்கும். எப்படி இருந்தாலும் நீதான் சுற்றிப் போகவேண்டும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன் என்றால், எனக்குத் தெரியும் என்று நீங்கள் அறியவேண்டும். தெரியாமல் செய்தவள் இல்லை நான்.

இருட்டுக் கடல்

பிறகு சண்டை வந்தது. கனகாலம் இரவில் கடலுக்கு விடவில்லை. பொழுதுபட்டால் கடல் இருந்த இடம் தெரியாது. அலைச் சத்தம் மட்டும் கேட்கும். கரையில் இருந்தவர்களுக்குக் கடலைப் பார்க்கிற பழக்கமே விட்டுப்போனது.

சண்டை முடிந்து கொஞ்சக் காலத்தில் இரவுத் தொழிலுக்குத் திரும்பவும் விட்டார்கள். அவர் அப்போது ஒரு பைபர் வள்ளம் வைத்திருந்தார். அதில் ஒரு தடி நட்டு, நுனியில் பற்றரியில் எரிகிற ஒரு பல்ப். வள்ளம் வலையோடு கிடக்கும்போது அந்த வெள்ளை வெளிச்சம் சுற்றிவர எங்கும் தெரியும். எல்லா வள்ளத்துக்கும் அதே தடி, அதே பல்ப்.

அதுதான் எங்களுக்குப் பெரிய கரைச்சலாகப் போனது. விடியப்புறம் வள்ளங்கள் திரும்பும்போது கரையில் நிற்கிற பெண்களுக்கு எது யாருடையது என்று தெரியாது. வெள்ளை வெள்ளையாக வரும். அத்தனை வருசம் ஆட்களைத் தேடியே பழகிய கண் எங்களுக்கு. கிட்ட வந்து முகம் தெரியும் வரை நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும்.

ராணியக்காதான் முதலில் தொடங்கினவ. தன் மனுசனிடம் ஒரு நீலப் பிளாஸ்ரிக் சொப்பின் பையைக் கொடுத்து, "வலை இழுத்து முடிஞ்சு கரைக்குத் திரும்பேக்க இதை லைட்டுக்குப் போட்டுக்கொண்டு வாங்கோ. நான் நீலத்தைக் கண்டா உலையை வைச்சிடுவன்," என்றா. அடுத்த கிழமை இன்னொருத்தி மஞ்சள். பிறகு எல்லாரும். நாங்கள் அதற்குத் தொப்பி என்று பெயர் வைத்தோம். "உன்ர தொப்பி வந்திட்டுது, ஓடு!" என்று ஒருத்திக்கு ஒருத்தி கூப்பிடுவோம்.

நான் ஒரு பச்சைச் சோடாப் போத்தலை எடுத்து, கத்தியைச் சூடாக்கி, அடிப்பாதியை வெட்டினேன். பிளாஸ்ரிக் எரிந்த மணம் இரண்டு நாள் குசினியில் கிடந்தது. பல்ப்புக்கு மேல் கவிழ்த்தால் அளவாக இருந்தது. நல்ல பச்சை. என் பழைய காப்பின் பச்சை.

தொப்பிக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. கரைக்குத் திரும்பும்போது மட்டும்தான் போடுவது. வலையோடு கிடக்கும்போது வெறும் வெள்ளைதான் எரியவேண்டும். மற்ற ஆம்பிளைகள் பிந்திப் போட்டாலும் முந்திப் போட்டாலும் கவலைப்படமாட்டார்கள். அவர் அப்படி இல்லை. லாஞ்சியில் வேலை செய்தவர்.

ஆனால் அவருக்கு மறதி. வலை இழுத்த களைப்பில் தொப்பியைப் போடாமலே வந்துவிடுவார். ஒரு நாள் எல்லா நிறமும் கரைக்கு வந்துவிட்டது. பச்சை மட்டும் இல்லை. நான் மணலில் இருந்து அழுதுகொண்டிருக்கிறேன், அவர் பின்னால் வந்து, "ஆருக்கு அழுகிறீர்?" என்று கேட்கிறார். வெள்ளையோடு வந்து, வள்ளத்தையும் இழுத்து ஏற்றிவிட்டார். நான் அவரைக் கவனிக்கவேயில்லை.

அன்று மத்தியானம் அவர் நித்திரையாகக் கிடந்தபோது வள்ளத்தடிக்குப் போனேன். வள்ளத்தின் ஓட்டை அடைக்கிற பசை கொஞ்சம் டப்பாவில் கிடந்தது. தொப்பியின் விளிம்பில் சுற்றிவரப் பூசி, பல்ப்புக்கு மேல் வைத்து அமத்திப் பிடித்தேன். காயும் வரை பிடித்துக்கொண்டு நின்றேன். வெயில் முதுகைச் சுட்டது.

பின்னேரம் அவர் தொப்பியைத் திருகிப் பார்த்தார். அசையவில்லை.

"இஞ்சாரும், இதென்ன வேலை? வலையில கிடக்கேக்க வெள்ளை இருக்கவேணும் எண்டு உமக்குத் தெரியாதே?"

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டுதானோ?"

"நீங்கள் மறந்து மறந்து வாறீங்கள். என்னால இனி அப்பிடி நிக்க ஏலாது."

நான் எதையும் கேட்டுப் பழகாதவள். கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் அவரிடம் பிடிவாதமாகக் கேட்டது அது ஒன்றுதான். "சரி, வேற பல்ப் வாங்கும் வரைக்கும் கிடக்கட்டும்," என்றார்.

வேறு பல்ப் வாங்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. மூன்று கிழமை பச்சையோடு போய்ப் பச்சையோடு வந்தார். அந்த மூன்று கிழமையும் நான் அவருக்கு முந்தியே தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு நிம்மதியாக நின்றேன்.

பச்சை வராத காலை

கூடப் போகிறவருக்குக் காய்ச்சல் என்று அன்று தனியாகப் போனார்.

விடிய நீலம் வந்தது, மஞ்சள் வந்தது. நான் தண்ணீரை இரண்டு முறை கொதிக்கவைத்தேன். வெளிச்சம் வந்து தொப்பிகளின் நிறம் கண்ணுக்குப் படாமல் போன நேரம், பெரிய படகு ஒன்று மெதுவாக வந்தது. அதன் பின்னால் கயிற்றில் கட்டி இழுபட்டு வந்தது எங்கள் வள்ளத்தின் முன்பாதி. பின்பாதியும் இல்லை, விளக்குத் தடியும் இல்லை.

அவர் மூன்றாம் நாள் கரை ஒதுங்கினார். அதைப் பற்றி எழுத என்னால் ஏலாது.

கந்தோர் வாசலில்

விசாரணைக்குப் போன அன்று வாசலில் ராணியக்கா என்னை ஒதுக்கமாகக் கூட்டிப் போனா. மற்றப் பெண்களும் சுற்றி நின்றார்கள்.

"இஞ்ச பார், தொப்பிக் கதை வெளிய வரக்கூடாது. ஒருத்தி வாய் திறந்தா எல்லாற்ற தொழிலையும் நிப்பாட்டிப்போடுவாங்கள். விளங்குதே? வெள்ளை. எல்லாருக்கும் வெள்ளை."

நான் தலையாட்டினேன். ராணியக்காவில் பழியைப் போட நான் இதை எழுதவில்லை. கட்டுப்பாட்டின்படி வலையில் கிடக்கும்போது தொப்பி இருந்திருக்காது என்றுதான் அவவும் நினைத்திருப்பா. பசை கதை அவவுக்குத் தெரியாது. குகனுக்கும் தெரியாது. அவரோடு கூடப் போகிறவர் பச்சையைக் கண்டவர்தான், அவரும் தொழிலுக்காக வாயை மூடிக்கொண்டார். ஒட்டினது நான் என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் போய்விட்டார்.

உள்ளே தவராசாவை முதலில் கேட்டார்கள்.

"இடப்பக்கம் பச்சை கண்டனான் ஐயா. ஓடுற வள்ளம், வலப்பக்கத்தைக் காட்டுது, அவர்தானே விலத்தவேணும் எண்டு என்ர பாட்டில வந்தனான். கிட்ட வந்த பிறகுதான் அசையாமல் கிடக்குது எண்டு தெரிஞ்சுது. அதுக்குள்ள..."

"வலையோட கிடக்கிற சின்ன போட்டில எங்கால பச்சை?" என்று ஐயா கேட்டார்.

"தெரியாது ஐயா. ஆனா கண்டனான்."

"நித்திரை கொண்டு வந்திட்டுப் பச்சை கண்டவராம்," என்று கதவடியில் யாரோ சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். குகன் எழும்பப் பார்த்தான். நான் அவன் சட்டையைப் பிடித்து இருத்தினேன்.

அப்போதுதான் ஐயா என் பக்கம் திரும்பினார். "அம்மா, லைட் என்ன நிறம்?"

தவராசா சொன்னதுக்கு ஓமென்று சொல்லியிருக்கலாம். "ஓம் ஐயா, பச்சை. நான்தான் ஒட்டினனான்." இவ்வளவுதான். ஆனால் சொன்னால் என் பிள்ளை என்னைத் திரும்பிப் பார்ப்பான். அந்தப் பார்வையை நினைத்தேன். வெள்ளை என்றேன்.

தவராசாவின் ஓட்டுகிற பத்திரத்தைப் பறித்தார்கள். கொஞ்சக் காலம் உள்ளேயும் இருந்தார்.

அந்தக் கிழமையே எங்கள் கரையில் எல்லாத் தொப்பியும் காணாமல் போனது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. நீலம் இல்லை, மஞ்சள் இல்லை, எல்லாம் வெள்ளை. அதைப் பற்றி இன்றுவரை ஒரு பெண்ணும் என்னோடு கதைத்ததில்லை.

கரையில் பச்சைப் போத்தல் ஒதுங்கினால் நான் குனிந்து எடுப்பேன். விளிம்பில் பசை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். இன்றைக்கும் பார்க்கிறேன்.

இலங்கைத்துறைக்குப் போனது

போன மாரிக்கு முந்தி, குகனுக்குச் சொல்லாமல் பஸ் ஏறினேன். மூதூரில் இறங்கி வேறு பஸ் எடுத்தேன். வழி முழுக்க ஒரே வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். "தம்பி, அது பச்சைதான்." மூன்று சொல். பச்சைப் பிள்ளையும் சொல்லிவிடும்.

வீட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டபோது, "ஆர், பச்சையண்ணை வீடோ?" என்றார் கடைக்காரர். ஊர் அவருக்கு வைத்த பெயர் அது.

தவராசா முற்றத்தில் இருந்து ஆரோ ஒருவருடைய வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் ஊசியைப் போட்டுவிட்டு எழும்பினார்.

"அம்மா... நீங்களே? புவனம், கதிரையைக் கொண்டு வாரும்! ஆர் வந்திருக்கிறா எண்டு பாரும்!"

அவர் மனுசி புவனம் கதிரையைத் துடைத்துப் போட்டா. அவர் கதிரையில் இருக்கவில்லை. எனக்கு முன்னால் நிலத்தில் குந்தினார்.

"உங்களிட்ட வரவேணும் எண்டு எத்தின தரம் வெளிக்கிட்டனான் தெரியுமே. மூதூர் வரைக்கும் வந்திட்டுத் திரும்பினனான். முகம் இல்லை அம்மா."

"தம்பி, நான் ஒண்டு சொல்ல..."

"நான் சொல்லுறன், பொறுங்கோ. அண்டைக்கு நான் பச்சை எண்டு சொன்னது தப்புறதுக்கில்லை. எனக்குப் பச்சையாத்தான் தெரிஞ்சுது. நீங்கள் வெள்ளை எண்டு சொல்லேக்க உங்கட முகத்தைப் பாத்தனான். அது பொய் சொல்லுற முகமே? அப்பத்தான் எனக்கு விளங்கிச்சுது, பிழை என்ர கண்ணில எண்டு."



புவனம் சிரித்தா. கனக்கத் தரம் சொல்லிப் பழகிய கதை போலச் சொன்னா. "அண்டையில இருந்து இவர் கடலுக்கு இறங்கவேயில்லை அக்கா. பத்திரத்தைத் திருப்பித் தாறம் எண்டும் சொன்னவை, வேண்டாம் எண்டிட்டார். இப்ப மிளகாய் பழமோ காயோ எண்டும் என்னட்டத்தான் கேக்கிறார். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கண் காட்டினனான். ஒரு குறையும் இல்லை எண்டு டாக்குத்தர் சொல்லுறார். இவர் அவரோட சண்டை. டாக்குத்தருக்கென்ன தெரியும், அந்த அம்மான்ர வீட்டு விளக்கு அந்த அம்மாவுக்குத்தானே தெரியும் எண்டு!"

தேத்தண்ணி தந்தா. குடித்தேன். இஞ்சி போட்டிருந்தா. அலுமாரிக்கு மேல் இந்தப் பத்திரிகையின் பழைய பிரதிகள் அடுக்கிக் கிடந்தன. "நான் விடாமல் வாசிக்கிறனான் அக்கா," என்றா புவனம். குடித்து முடித்தேன். மூன்று சொல்லையும் தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டேன்.

தவராசா பஸ் வரும் இடம் வரை கூட வந்தார். தூரத்தில் தூசி கிளம்பியது. அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அம்மா, வாறது சிவப்புப் பஸ்தானே?"

"ஓம் தம்பி. சிவப்புத்தான்."

அவருக்கு என் வாயால் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

புவனத்துக்கு

இந்தப் பங்குனியில் தவராசா போய்விட்டார். நெஞ்சுவலி. செய்தி எங்கள் கரைக்கு வந்தபோது ராணியக்கா, "எங்கட அண்ணையைக் கொண்டவன் போய்ச் சேந்திட்டானாம்," என்றா. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவர் இருக்கும்போது சொல்லாமல், போன பிறகு எழுதுகிறேன். இதில் துணிவு ஒன்றும் இல்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்கவேண்டியவர் இல்லை. குகன் இதை வாசித்த பிறகு என் வீட்டுப் படியேறுவானோ தெரியாது. ஏறாவிட்டாலும் நான் அவனைக் குறை சொல்லமாட்டேன்.

புவனம், நீங்கள் விடாமல் வாசிக்கிறதாகச் சொன்னீர்கள். அதனால்தான் இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன். அந்தப் போத்தலை நான் வெட்டினேன். நான் ஒட்டினேன். காயும் வரை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று கடலில் எரிந்தது பச்சை.

உங்கட மனுசன் சரியாத்தான் கண்டவர்.